அருள்நாயகம் விற்ற லென்ஸ்

அருள்நாயகம் தன்னுடைய நீட்டு லென்ஸை விற்றதற்குக் காரணம் அவருடைய வலது தோள்மூட்டு. ஸ்காபரோவில், லொறிக் கம்பனி ஒன்றில் வண்டிகளை அனுப்புகிற வேலை அவருக்கு. கிழமை முழுக்கக் கதிரையில் இருந்தபடி ஃபோனில் சாரதிகளோடு மல்லுக்கட்டுவார். சனி, ஞாயிறு வந்தால் கமராவைத் தூக்கிக்கொண்டு, ரூஜ் ஆறு ஏரியில் விழுகிற இடத்துக்கு நாரை பார்க்கப் போய்விடுவார். போன பனிக்காலத்தோடு தோள் இறுகிவிட்டது. சட்டை மாட்டக் கையை உயர்த்துவதே பெரும்பாடாக இருக்கும்போது, ஒன்றரைக் கிலோ லென்ஸைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஒரு பறவை எப்போது தலையைத் திருப்பும் என்று காத்து நிற்க முடியுமா?

வாங்கியவள் சுபாங்கி. கலியாண வீடுகளில் படம் எடுப்பவள். மார்க்கம் ரோட்டில், ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே சின்னதாக ஸ்ரூடியோ வைத்திருந்தாள். மல்வேர்னில் இருந்த அவருடைய வீட்டுக்கு வந்து, லென்ஸைத் தன் கமராவில் பூட்டி, முன்வாசலில் நின்று அணில், அயல்வீட்டு ஜன்னல், அருள்நாயகத்தின் மூக்குக்கண்ணாடி என்று கண்ட கண்டதையெல்லாம் எடுத்துப் பார்த்தாள். "வடிவா இருக்கு அங்கிள்" என்றாள். பிள்ளையைக் கட்டிக்கொடுத்த தகப்பன்போல அவர் காருக்குப் பக்கத்தில் போய் நின்று வழியனுப்பினார்.

ஒரு மாதம் சத்தமில்லை. பிறகு ஒருநாள், அவர் வேலையில் இருந்தபோது அவள் ஒரு படம் அனுப்பினாள். கமராவின் திரை. கமராவுக்கும் லென்ஸுக்கும் இடையில் தொடர்பு அறுந்துவிட்டது, இணைப்புப் புள்ளிகளைத் துடைக்கவும் என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

அருள்நாயகம் உடனே கூப்பிட்டார். "பயப்பிடாதேங்கோ பிள்ளை. லென்ஸைக் கழட்டிப் பாருங்கோ. பின்பக்கத்தில பொன் நிறத்தில சின்னச் சின்னப் புள்ளியள் வரிசையா இருக்கும். அதுகளை நல்ல காய்ஞ்ச துணியால துடைச்சுவிடுங்கோ. கமராவுக்குள்ளயும் அதுக்கு நேரா இருக்கும்."

துடைத்தாள். சரிவந்தது. அடுத்த கிழமை திரும்பவும் அதே படம். பற்றரியைக் கழற்றிப் பூட்டச் சொன்னார். அதற்கும் சரிவந்தது. பிறகு மறுபடி. கமராவின் மென்பொருளைப் புதுப்பித்தாயிற்றா என்று கேட்டார்.

"எல்லாம் செய்திட்டன் அங்கிள். என்ர மற்ற லென்ஸ் போட்டா ஒரு பிரச்சினையும் இல்லை. உங்கட லென்ஸுக்குத்தான் உது வருது."

'உங்கட லென்ஸ்' என்ற சொல் அவருக்குச் சுருக்கென்றது. விற்ற அன்றைக்கு அது அவளுடைய லென்ஸாக இருந்தது. இப்போது திரும்பவும் அவருடையதாகிவிட்டது.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைதான் விஷயம் முற்றியது. ஒரு கலியாண மண்டபம். சுபாங்கி கமராவை மூன்று கால் ட்ரைபொட்டில் பூட்டி, நடுப்பாதையின் கடைசியில் நின்றிருந்தாள். ஐயர் தாலியை எடுத்துக் கொடுக்க, மாப்பிள்ளை எழும்ப, கெட்டிமேளம் முழங்க, கமராத் திரை கறுத்து அந்த எழுத்து வந்து நின்றது. அணைத்து, திரும்பப் போட்டாள். வேலை செய்யவில்லை. லென்ஸைக் கழற்றித் துடைத்துப் பூட்டி நிமிர்ந்தபோது மேளம் ஓய்ந்திருந்தது. சனம் அட்சதை போட்டு முடித்துக் கை தட்டிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் நின்ற உதவியாளரிடம் ஒரு படம் இருந்தது; அதில் பாதி ஐயரின் முதுகு. பெண்ணின் தகப்பன் எல்லாருக்கும் முன்னால் சுபாங்கியை ஏசிவிட்டார்.

அவள் அழுதுகொண்டு காரில் இருந்தபடியே வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள். ஸ்காபரோவில் கமரா வைத்திருக்கும் தமிழர்கள் அநேகம்பேர் இருந்த குழு அது. மல்வேர்ன் அருள்நாயகம் அங்கிளிடம் வாங்கிய லென்ஸ் தாலி கட்டுகிற நேரம் காலை வாரிவிட்டது, பழைய சாமான் வாங்குகிறவர்கள் கவனம் என்று எழுதியிருந்தாள். அவ்வளவுதான். ஏமாற்றினார் என்று அவள் சொல்லவில்லை. ஆனால் கீழே எழுதியவர்கள் சொன்னார்கள். நனைந்த லென்ஸாக இருக்கும் என்றார் ஒருவர். தெரிந்துதான் தள்ளிவிட்டிருப்பார் என்றார் இன்னொருவர். அருள்நாயகத்தைக் கண்ணால் கண்டிராதவர்கள் அவர்கள்.

அருள்நாயகம் அதைத் தேத்தண்ணி குடித்துக்கொண்டே வாசித்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, ஃபோனை மனைவி செலீனிடம் நீட்டினார்.

"இஞ்சேருங்கோ, உதுக்கு ஏன் மண்டையைப் போட்டு உடைக்கிறியள்?" என்றாள் செலீன். "லென்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு அந்தப் பிள்ளையின்ர காசைக் குடுத்துவிடுங்கோ. முடிஞ்சுது."

"காசைக் குடுத்தா நான் பிழைவிட்டன் எண்டு ஆகிடும்."

"நீங்கள் விட்டனீங்களோ?"

விடவில்லை என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் இத்தனைபேர் சொல்லும்போது, ஒரு தூறல் நாளில் லென்ஸைச் சட்டைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு காருக்கு ஓடியது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு உள்ளே ஒரு துளி போயிருக்குமோ? காரின் பின்சீற்றில் உருண்ட நாளும் ஒன்று உண்டு. தன் கையில் ஒருநாளும் மக்கர் பண்ணாத லென்ஸ் என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததையே அவர் இப்போது சந்தேகிக்கத் தொடங்கினார்.

மறுநாள் தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வந்தபோது, கார் தரிப்பிடத்தில் பழைய கூட்டாளி றொய்சன் அவருடைய முதுகில் தட்டினார். றொய்சனுக்குக் கமராவும் தெரியாது, குழுவும் தெரியாது. யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"என்ன அருள், லென்ஸ் வியாபாரம் நல்லாப் போகுதாம்?"

நின்றவர்கள் சிரித்தார்கள். அருள்நாயகமும் சிரித்தார். காருக்குள் ஏறியதும், "என்னை ஸ்ரூடியோவில இறக்கிவிடும். நான் பஸ்ஸில வாறன்" என்று செலீனிடம் சொன்னார். தன் பழைய கமராவை முன்கூட்டியே பையில் வைத்துக்கொண்டுதான் பூசைக்கு வந்திருந்தார்.

சுபாங்கி கதவைத் திறந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவருடைய முகத்தைப் பார்க்கக் கூச்சப்படுகிறாள் என்று தெரிந்தது. கோபமும் போகவில்லை.

"சண்டைக்கு வரேல்ல பிள்ளை," என்றார் அவர். "எனக்கு விளங்கவேணும். லென்ஸில பிழையெண்டா நான் தூக்கிக்கொண்டு போறன். ஆனால் ஒருக்கா ரெண்டுபேருமா இருந்து பாப்பம்."

முதலில் லென்ஸை அவருடைய கமராவில் பூட்டினார்கள். சுபாங்கியே எடுத்தாள். கிட்ட, தூர, வெளிச்சத்துக்கு, இருட்டுக்கு. ஒரு பிழையும் இல்லை. பிறகு அவளுடைய கமராவில் பூட்டினார்கள். கையில் பிடித்து எடுத்துக்கொண்டே இருந்தாள். அதிலும் ஒரு பிழையும் இல்லை. டொக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுப்போகிற பிள்ளைமாதிரி, லென்ஸ் சொன்னதையெல்லாம் கேட்டது.

"பாத்தியளே, இப்ப வராது," என்றாள் அவள், கிட்டத்தட்ட அழுகிற குரலில். "நான் பொய் சொல்லுறன் எண்டு நினைப்பியள்."

"நான் அப்பிடி நினைக்கேல்ல. என்னை எல்லாரும் அப்பிடி நினைக்கினம். அது எப்பிடியிருக்கும் எண்டு எனக்குத் தெரியும்."

அவள் தலையைக் குனிந்தாள். கீழே பலசரக்குக் கடையில் யாரோ வாழைக்குலை இறக்குகிற சத்தம் கேட்டது.

"அண்டைக்கு என்னமாதிரி வைச்சு எடுத்தனீங்கள்?" என்று அருள்நாயகம் கேட்டார். "அதேமாதிரி வையுங்கோ."

அவள் ட்ரைபொட்டை விரித்து, அதன் தலையில் கமராவைப் பூட்டினாள். லென்ஸ் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது. கொஞ்சநேரம் சென்று பட்டனை அமத்தினாள். எழுத்து வந்தது.

இருவரும் ஒரேநேரத்தில் "ஆ!" என்றார்கள். பிழையைக் கண்டு இப்படிச் சந்தோசப்பட்ட ஆட்கள் வேறு இருந்திருக்கமாட்டார்கள்.

அருள்நாயகம் கிட்டப்போய்த் திரையைக் குனிந்து வாசித்தார். வாசிக்கிறபோது, பழைய பழக்கத்தில் இடது கை தானாகப் போய் லென்ஸுக்கு அடியில் தாங்கிக்கொண்டது. சுபாங்கி திரும்பவும் பட்டனை அமத்தினாள். படம் விழுந்தது.

"அங்கிள், அசையாதேங்கோ." இன்னொரு படம். அதுவும் விழுந்தது. "இப்ப கையை எடுங்கோ."

எடுத்தார். எழுத்து வந்தது.

"திருப்பி வையுங்கோ."

வைத்தார். படம் விழுந்தது. சுபாங்கி அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு லென்ஸைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கமராவின் வாயில், லென்ஸ் வந்து பூட்டுகிற உலோக வளையத்தைப் பெருவிரலால் அமத்தினாள். அது அசைந்தது. மயிரிழைதான், ஆனால் அசைந்தது. வளையத்தைப் பிடித்திருந்த திருகாணிகள் இளகிப்போயிருந்தன. பாரமான லென்ஸ் தொங்கும்போது வளையம் ஒரு பக்கம் விலக, புள்ளிகள் ஒன்றையொன்று தொடாமல் விட்டுவிடுகின்றன. கையில் பிடித்து எடுத்தால் கை தாங்கிக்கொள்கிறது. அவளுடைய மற்ற லென்ஸ்கள் பாரமில்லாதவை, அவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை.

"என்ர கமரா," என்றாள் சுபாங்கி. கதிரையில் தொப்பென்று இருந்தாள். "பிழை என்ர கமராவில."

அருள்நாயகத்துக்கு ஆறுதல்தான். வெற்றி என்று சொல்ல முடியாது. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வெற்றியென்று நினைக்க அவரால் ஏலவில்லை. லென்ஸ் வந்த பையை இழுத்து, அதன் பக்கப் பொக்கற்றுக்குள் கையை விட்டார். ஒரு வளையம், அடியில் சின்னக் காலோடு. லென்ஸின் இடுப்பில் பூட்டுவது. ட்ரைபொட்டில் வைக்கும்போது அந்தக் காலில்தான் பாரத்தை இறக்கவேண்டும், கமராவில் அல்ல.

"இது என்னத்துக்கெண்டு தெரியாமல் விட்டிட்டன் அங்கிள்."

"நான் சொல்லேல்லயே. நான் எப்பவும் கையில பிடிச்சு எடுக்கிற ஆள். இதைக் கழட்டிப் போட்டுட்டு மறந்தே போனன். விக்கேக்குள்ள சொல்லியிருக்கவேணும்."

சுபாங்கி ஃபோனை எடுத்து, அங்கேயே அவருக்கு முன்னால் இருந்து குழுவுக்கு எழுதினாள். எழுதிவிட்டு வாசித்துக் காட்டினாள். லென்ஸில் ஒரு பிழையுமில்லை, தன் கமராவின் வளையம் இளகியிருந்தது, அருள்நாயகம் அங்கிள் நேர்மையான மனிதர், விசாரிக்காமல் எழுதிய தான் ஒரு மடைச்சி.

"அந்தக் கடைசிச் சொல்லை எடுத்துவிடுங்கோ," என்றார் அவர்.

"ஏன், உண்மைதானே."

"நாளைக்கு உங்களிட்ட ஆரும் கலியாணம் எடுக்கக் குடுக்கவேணும். எடுத்துவிடுங்கோ."

அவள் எடுத்துவிட்டு அனுப்பினாள். அதோடு நிற்காமல், முதல் பதிவுக்குக் கீழே மோசமாக எழுதிய இரண்டுபேரையும் கூப்பிட்டுப் பேசினாள். ஒருவர் மன்னிப்புக் கேட்டு அருள்நாயகத்துக்கு எழுதினார். கமராவைத் திருத்துகிற கடையில் கொடுத்து வளையத்தை மாற்றினாள். அந்த லென்ஸோடு அவள் அந்தக் கோடை முழுக்கக் கலியாணங்கள் எடுத்தாள். எழுத்து ஒருநாளும் வரவில்லை.

விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் அருள்நாயகம் நினைத்தார். முதல் பதிவுக்குக் கீழே சண்டைபோல எழுதியவர்கள், இரண்டாவதுக்கு ஒரு பெருவிரலைக் காட்டிவிட்டுப் போனார்கள். றொய்சன் வழக்கம்போல முதுகில் தட்டி லென்ஸ் வியாபாரம் விசாரித்தார். ஒருநாள் அருள்நாயகம் நடந்ததை முழுக்கச் சொல்லப் பார்த்தார். "வளையம்" என்ற இடத்திலேயே றொய்சன் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். ஏமாற்றுக்காரன் கதைக்கு ஒரு வரி போதும். திருகாணி இளகின கதைக்கு அப்படி முடியாது. கேட்கிறவருக்குப் பொறுமை வேண்டும்.

இலை உதிர்ந்து முடிகிற காலம், தோள் ஓரளவு இளகியது. சின்னக் கமரா ஒன்றோடு திரும்பவும் ரூஜுக்குப் போகத் தொடங்கினார். ஒரு காலை, நாணலுக்குள் பெரிய நாரை ஒன்று ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் முப்பது முப்பத்தைந்து வயதுள்ள ஒருவர் வந்து நின்றார். தமிழா என்று கண்ணாலேயே இருவரும் விசாரித்துக்கொண்டார்கள். சுலக்சன் என்று பெயர் சொன்னார். புதிதாகப் பறவைப் பைத்தியம் பிடித்திருக்கிறது, நீட்டு லென்ஸ் ஒன்று தேடுகிறேன் என்றார்.

"பழசா வாங்கினால் லாபம்," என்றார் அருள்நாயகம்.

"ஓம் அண்ணை. ஆனால் ஆளைப் பாத்து வாங்கவேணும். மல்வேர்ன்ல அருள்நாயகம் எண்டு ஒராள் இருக்கிறாராம். தண்ணிக்குள்ள விழுந்த லென்ஸைத் துடைச்சு வித்துப்போட்டார். ஒரு கலியாணமே பாழாப்போச்சுதாம். ரெண்டு மூண்டுபேருக்கு இப்பிடிச் செய்தவராம்."

அருள்நாயகம் நாரையையே பார்த்துக்கொண்டு நின்றார். முதலில் காது சுட்டது. பிறகு, அந்த ஆளைப்பற்றி யோசித்தபோது, ரெண்டு மூன்று பேருக்குத் தண்ணீரில் விழுந்த லென்ஸ் விற்கிற அந்த மல்வேர்ன்காரனை நினைத்தபோது, சிரிப்பும் வந்தது.

"உங்கட பேர் சொல்லேல்லயே அண்ணை?"

வேறு பெயர் சொல்லலாம். சொல்லாமலும் விடலாம். "அருள்நாயகம்," என்றார். "மல்வேர்ன்."

சுலக்சனின் முகம் போன போக்கைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "ஐயோ அண்ணை..."

"பரவாயில்லை தம்பி. நீங்கள் கேட்டதைச் சொன்னீங்கள். நேரமிருந்தா, நடந்ததைச் சொல்லுறன். கொஞ்சம் நீளம்."

சுலக்சன் நேரமிருக்கிறது என்றார். கரையில் கிடந்த மரக்கட்டையில் இருந்து, அருள்நாயகம் ஆறுதலாகச் சொன்னார். கெட்டிமேளத்தையும் சொன்னார், வளையத்தையும் சொன்னார், லென்ஸுக்குரிய அந்தச் சின்னக் காலைப் பற்றிச் சொல்ல மறந்ததையும் விடாமல் சொன்னார். சுலக்சன் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

"அப்ப பிழை முழுக்க அந்தப் போட்டோக்காரியில," என்றார் கடைசியில். "ஆர் அண்ணை அவ? என்ன பேர்?"

பெயர் அருள்நாயகத்தின் வாய்வரை வந்துவிட்டது.

"பேர் எதுக்கு தம்பி? பிழையைக் கண்டுபிடிச்சதும் அந்தப் பிள்ளைதான், ஊருக்குச் சொன்னதும் அந்தப் பிள்ளைதான். அதைச் சொன்னாலே காணும்."

சுலக்சன் தலையாட்டினார். நாணலுக்குள் சலசலப்புக் கேட்டது. நாரை மற்றக் காலையும் ஊன்றி, கழுத்தை நீட்டி, ஏரிப்பக்கமாகப் பார்த்தது. இருவரும் கமராவைத் தூக்கினார்கள்.