மூன்றாம் ஓலைக்கு முந்தின மலையேற்றம்

லீலாபாய் போனில் சொன்னதைக் கேட்டதும் குளோரி அடுப்பை அணைத்துவிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சம்பந்தியம்மாள் விருந்துக்கு அழைத்திருந்தால் போயிருப்பாள். வேளாங்கண்ணிக்கு அழைத்திருந்தால் அன்றைக்கே பையைக் கட்டியிருப்பாள். இதுவோ மலையேற அழைப்பு. கீரிப்பாறையில் வேனை நிறுத்திவிட்டு, ரப்பர் தோட்டத்தைத் தாண்டி, காட்டோடையைக் கடந்து, பாறையில் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டுமாம். பேரன் பேத்தி எடுக்கப்போகிற வயதில் ஒரு பெண்பிள்ளை இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறாள்!

"லீவுன்னா சும்மா கிடந்து உறங்கதுக்கா மைனி? நாலு இடம் ஏறி இறங்கினாத்தான் உடம்புக்கும் நல்லது. காயல்ல துடுப்பு போடலாமா, சைக்கிள்ல மருந்துவாழ்மலை வரைக்கும் போலாமான்னு எல்லாம் யோசிச்சோம். கடைசில மலைன்னு முடிவாச்சு. சனிக்கிழமை காலைல வண்டி உங்க வீட்டு வாசல்ல நிக்கும்."

சனிக்கிழமை. அந்தக் கிழமைதான் குளோரியை உறுத்தியது. மறுநாள் ஞாயிறு, கோவிலில் மூன்றாம் ஓலை. கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் பெண், மாப்பிள்ளை பெயர்களை வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று அறிவிப்பார். மகள் லிஜாவுக்கும் லீலாபாயின் மகன் ஜெபிஷுக்கும் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. இரண்டு தடவையும் குளோரி முந்தானையைப் பிசைந்துகொண்டு, யார் எழுந்திருக்கப்போகிறார்களோ என்று பின்வரிசை வரைக்கும் கண்ணை ஓட்டினாள். ஒருவரும் எழவில்லை. மூன்றாவதும் தாண்டிவிட்டால் கரையேறினோம் என்று இருந்தவளுக்குத்தான் இந்த அழைப்பு வந்தது.

கொட்டாரத்துக்குத் தெற்கே கடற்கரை ஊர் அவர்களுடையது. கணவன் ஏசுஅடிமை அப்போதுதான் கடலிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தான்.

"மலைக்குக் கூப்பிடுதாவ. எதுக்கு இப்பம் பார்த்துக் கூப்பிடுதாவ?"

"போயிட்டுதான் வாங்களேன். நல்ல காத்து."

"உமக்கு என்ன விளங்கும்? யாரோ வத்தி வச்சிட்டாவ. பிள்ளையை ஏறவச்சு மூச்சைப் பாக்கப் போறாவ."

ஏசுஅடிமை சோற்றிலிருந்து கையை எடுத்தான். "நான் அப்பமே சொன்னேன் ஏட்டி, சொல்லிருவோம்னு."

"வாயை மூடும். சுவருக்கும் காது இருக்கு."

சுவருக்குக் கேட்கக்கூடாத அந்த விஷயம் இதுதான். லிஜாவுக்குப் பிறவியிலேயே இருதயத்தில் ஒரு ஓட்டை. இரண்டாம் வகுப்பில் படிக்கும்போது திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் செய்து அடைத்தார்கள். சில வருடம் கழித்துப் பரிசோதித்த டாக்டர், இனி ஓடலாம், நீந்தலாம், கல்யாணம் கட்டிப் பிள்ளை பெறலாம், எல்லாரையும் போலத்தான் என்று அனுப்பிவிட்டார். டாக்டர் விட்டார், குளோரி விடவில்லை. பள்ளிக்கூடச் சுற்றுலா கிடையாது, விளையாட்டுப் போட்டி கிடையாது. கடலைப் பார்த்தே வளர்ந்த பெண் முழங்காலுக்கு மேல் அலையில் நனைந்ததில்லை. இப்போது அவள் கொட்டாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இன்றும் பஸ்ஸுக்கு ஓடினால் தாயிடம் வசவு உண்டு. மாப்பிள்ளை வீட்டுக்கு இதெல்லாம் சொல்லவில்லை. சொன்னால் யார் கட்டுவார்கள் என்பது குளோரியின் கேள்வி. அதற்குப் பதில் அவளே வைத்திருந்ததால் வேறு யாரையும் கேட்கவில்லை.

"காய்ச்சல்னு சொல்லிரு மக்கா" என்று மகளிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

"நான் போவேன்" என்றாள் லிஜா. கட்டிலுக்கு அடியில் ஒரு புது ஷூ டப்பா இருந்ததைக் குளோரி பிறகுதான் பார்த்தாள். இந்தப் பெண்ணையும் எதையோ சொல்லி வசப்படுத்திவிட்டார்கள் என்று அதற்கும் ஒரு முடிச்சுப் போட்டாள். சரி, கூடவே போய்விடுவது, பிள்ளையை ஏறவிடாமல் எதையாவது சொல்லித் தடுப்பது என்று தீர்மானித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை வண்டி வந்தது. வடசேரியிலிருந்து லீலாபாயும் ஜெபிஷும் வந்திருந்தார்கள். ஜெபிஷ் மஸ்கட்டில் வேலை பார்ப்பவன், கல்யாணத்துக்காக லீவில் வந்திருக்கிறான். லீலாபாய் தொப்பியும் ஷூவுமாக, கையில் பட்டை பட்டையாக வெயில் கிரீம் பூசிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். கணவர் போனபிறகு வீட்டில் முடங்கிக் கிடந்தவளை யாரோ நடைக்குழுவில் சேர்த்துவிட்டார்களாம். அன்றிலிருந்து மூணாறில் கூடாரம், வால்பாறையில் நடை, கோவாவில் பாராசூட் என்று ஒரு இடம் பாக்கி இல்லையாம். வழியெல்லாம் அந்தக் கதைதான். குளோரி மடியில் மரச்சீனிக் கிழங்கையும் பொரித்த நெய்மீனையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கதையிலும் எங்கே கொக்கி இருக்கிறது என்று தேடிக்கொண்டே வந்தாள்.

"நடந்தாத்தான் மைனி ஒரு ஆளோட உள்ளு தெரியும்" என்றாள் லீலாபாய்.

குளோரிக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. உள்ளு பார்க்கத்தான் கூட்டிப்போகிறார்கள்.

கீரிப்பாறையில் வழிகாட்டி எபிசன் காத்திருந்தான். கிளம்புமுன் எல்லாரையும் ரப்பர் மரநிழலில் நிறுத்தினான். "ஆஸ்துமா, பிரஷர், நெஞ்சு சம்பந்தமா எதாவது, ஆபரேஷன், இப்படி யாருக்காவது உண்டுமா? இருந்தாச் சொல்லிருங்க. ஒண்ணும் பிரச்சனை இல்லை, அதுக்குத் தக்கன நடப்போம்."

எவன் மலைக்குக் கூட்டிப்போனாலும் இதைக் கேட்பான். ஆனால் எபிசன் கண் எல்லார் மேலும் போனதில் லிஜா மேல் போனது மட்டும்தான் குளோரிக்குத் தெரிந்தது. லிஜா வாயைத் திறந்தாள். குளோரி அவள் கையைப் பிடித்து நெரித்தாள்.

"எங்க குடும்பத்துல ஒருத்தருக்கும் ஒரு கோளாறும் கிடையாது" என்றாள். கேட்டதற்குப் பதில் சொல்லும் குரலாக அது இல்லை. சண்டைக்கு வந்தவள் குரலாக இருந்தது. எபிசன் பாவம், தலையை ஆட்டிவிட்டு நடந்தான்.

தோட்டம் முடிந்து காடு தொடங்கியது. ஓடையில் முழங்காலளவு தண்ணீர். ஜெபிஷ் கையைக் கொடுக்க, லிஜா பிடிக்காமலே தாண்டிப்போய் அக்கரையில் நின்று சிரித்தாள். மகள் இப்படி வாய்விட்டுச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று குளோரிக்குத் தோன்றத்தான் செய்தது. அதைத் தோன்றவிட்டுக்கொண்டிருக்க நேரம் இல்லை. லீலாபாய் தன் பையிலிருந்து ஒரு கறுப்புக் கைக்கடிகாரத்தை எடுத்து லிஜாவின் கையில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இது எத்தன எட்டு வச்சோம், நெஞ்சு எப்படி அடிக்குது, எல்லாம் காட்டும் மக்கா. பாரு, உனக்கு ஓடுது பாரு."

பொறி வைக்கிறவள் இப்படிப் பட்டப்பகலில், எல்லார் முன்னாலுமா வைப்பாள்! "அதெல்லாம் பிள்ளைக்கு ஆகாது மைனி, கழட்டுங்க. தோல் தடிச்சுப் போவும்" என்றாள்.

"கிடக்கட்டும்மா" என்றாள் லிஜா.

ஏற்றம் செங்குத்தாயிற்று. குளோரி தன் முழங்கால் வலிக்கிறது என்றாள். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். தலை சுற்றுகிறது என்றாள். மிட்டாய் கொடுத்தார்கள். திரும்பிவிடலாமா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. நடுநடுவே லீலாபாய் திரும்பி, "மக்கா, மூச்சு வாங்குதா?" என்பாள். அவள் கேட்டது எல்லாரையும்தான், எபிசனைக்கூடக் கேட்டாள். குளோரி காதில் மகளைக் கேட்டது மட்டும் விழுந்தது.

கடைசியில் அந்தப் பாறை வந்தது. மேலேயிருந்து கயிறு தொங்கியது. எபிசன் ஏறிச்சென்று முடிச்சைச் சரிபார்த்துவிட்டுக் குரல் கொடுத்தான். லீலாபாய் இடுப்பில் கையை வைத்து அண்ணாந்து பார்த்தாள்.

"முதல்ல லிஜா ஏறட்டும். நாம கீழ நின்னு பாப்போம்."

அவ்வளவுதான். இத்தனை வருடம் கட்டிக் காத்தது குளோரியின் வாயிலிருந்து கொட்டியது.

"பாக்கதுக்குத்தானே கொண்டாந்திய! மூணாம் ஓலைக்கு முந்திப் பிள்ளையைச் சோதிச்சுப் பாத்து வேண்டாம்னு சொல்லணும், அதுதானே? ஆமா, அவ நெஞ்சுல ஓட்டை இருந்தது. அடைச்சாச்சு. சின்னதுலயே அடைச்சாச்சு. டாக்டர் ஒண்ணும் இல்லைன்னு சொல்லியாச்சு. அதுக்கு இப்படிக் காட்டுக்குள்ள கொண்டாந்து சாவடிக்கணுமா?"

லீலாபாய் தொப்பியைக் கழற்றினாள்.

"ஓட்டையா? என்ன ஓட்டை?"

அந்த முகத்தைப் பார்த்த கணத்தில் குளோரிக்குப் புரிந்துவிட்டது. இவளுக்கு ஒன்றுமே தெரியாது. யாரும் வத்தி வைக்கவில்லை. வைத்தது தன் வாய். பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

"அம்மா, எனக்குத் தெரியும்" என்றான் ஜெபிஷ். "பொண்ணு பாத்துட்டு வந்த அன்னைக்கே லிஜா போன் பண்ணிச் சொன்னா. எனக்கு அது பெரிசாப் படல."

லீலாபாய் மகனைப் பார்த்தாள், பிறகு லிஜாவை. "அப்பம் எனக்கு மட்டும்தான் தெரியாது."

"நானே சொல்லணும்னுதான் இருந்தேன் மாமி" என்றாள் லிஜா. குரல் உடைந்தாலும் கண்ணைத் தாழ்த்தவில்லை. "நீங்க போன் பண்ணி எங்க போலாம்னு கேட்டப்பம் நான்தானே மலைன்னு சொன்னேன். மேல ஏறிட்டுச் சொன்னா நீங்க பயப்பட மாட்டியன்னு நினைச்சேன்."

குளோரிக்கு மலையே தலைகீழாகச் சுற்றியது. மலையைக் கேட்டது இவளா?

லீலாபாய் ஒரு கல்லில் உட்கார்ந்தாள். கோபம் முகத்தில் நன்றாகத் தெரிந்தது. இந்தப் பேச்சோடு இது முடிந்தது, நாளைக்கு ஓலையும் இல்லை, கல்யாணமும் இல்லை என்று குளோரி நினைத்தாள்.

"மைனி, மூணாம் ஓலை வாசிச்சாப் பொறவு பெண்ணை வீட்டை விட்டு இறக்க மாட்டோம், எங்க கடற்கரை வழக்கம்னு நிச்சயத்தன்னைக்குச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"அதுக்காகத்தான் ஓடி ஓடி இன்னைக்கு வச்சேன். அந்த வாட்ச் இவன் லிஜாவுக்குன்னு மஸ்கட்லேருந்து வாங்கிட்டு வந்தது. என் பிள்ளைக்கு வரப்போறவ கீழ விழுதாளா இல்லியான்னு பாக்க மலைக்குக் கொண்டாருவேனா? அப்படி ஒரு பொம்பளையாவா என்னைப் பாத்திய?"

ஆமாம், குளோரி அப்படித்தான் பார்த்தாள். வேனில் ஏறினதிலிருந்து அதைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

"பொறுத்துக்கிடுங்க மைனி. இவ பிறந்ததிலேருந்து பயந்துக்கிட்டே இருந்துட்டேன்."

லீலாபாய் தொப்பியை மறுபடி தலையில் வைத்தாள். பிறகு எழுந்து லிஜாவின் அருகில் போய், கடிகாரத்தைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தாள்.

"ஏற முடியுமாட்டி?"

"முடியும் மாமி."

"அப்பம் ஏறு. டாக்டர் எழுதின பேப்பரை எல்லாம் கல்யாணத்துக்கு முந்தி எனக்கு நீ காட்டணும். பயந்துட்டு இல்ல. உனக்கு எது ஆகும் எது ஆகாதுன்னு எனக்கும் தெரியணும்லா."

லிஜா கயிற்றைப் பிடித்து ஏறினாள். பாதியில் ஒரு தடவை கால் வழுக்கியபோது குளோரி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது மகள் உச்சியில் நின்று கையை ஆட்டினாள். பின்னால் ஜெபிஷ் ஏறினான், அவனுக்குப் பின் லீலாபாய். கீழே குளோரியும் நெய்மீனும் மிச்சம்.

"அம்மா, ஏறி வா" என்று மேலேயிருந்து கூப்பிட்டாள் லிஜா.

மீன்பையைக் கல்மேல் வைத்துவிட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு குளோரி கயிற்றைப் பிடித்தாள். நாள்பூராவும் நடித்த முழங்கால்வலி இப்போது நிஜமாகவே வந்தது. நான்கு எட்டு வைப்பதற்குள் தொண்டை காய்ந்து, மார்பு ஏறி இறங்கி, புஸ் புஸ் என்று சத்தம் வர ஆரம்பித்தது. உச்சியில் நின்ற நான்குபேரில் ஒருவருக்கும் அப்படி மூச்சு வாங்கவில்லை. லீலாபாய் குனிந்து கையை நீட்டி அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். பிடித்த கையை விடாமல், முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கேட்டாள்.

"மைனி, இப்பமாவது உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்கு எதும் ஆபரேஷன் உண்டா?"