இரட்டை நட்சத்திரக்காரி

“இரட்டை நட்சத்திரக்காரிய என் ஊட்டுப் படி ஏத்த மாட்டேனுங்க! ரெண்டு நட்சத்திரம்னா ரெண்டு தாலின்னு ஜோசியரு சொல்லிப்போட்டாரு!”

“எம்புள்ள அஸ்வினிங்க! ஒரே நட்சத்திரந்தானுங்க!” பக்கத்து வீட்டுக் குப்பாயியும் விடவில்லை.

மலையில் எங்களுக்கு அடுத்த ஊர்க்கூட்டமான வளப்பூர் நாட்டிலிருந்து மகனின் பைக்கில் வந்து இறங்கி, நிச்சயத்தை முறிக்கக் கத்திக்கொண்டிருந்தவள் பெருமாயி. மாப்பிள்ளை வேல்முருகன் அம்மாவுக்குப் பின்னால் நின்று பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் மிளகு பறித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பறித்தது ஒரு கைப்பிடி இருக்கும்.

இந்த இரட்டை நட்சத்திரம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். குப்பாயி மகள் கீர்த்தனா கோயம்புத்தூரில் ஆராய்ச்சி செய்கிறாள். எதைப் பற்றி என்று நான்தான் துருவிக் கேட்டேன். “இரட்டை நட்சத்திரங்க” என்றாள். அதை அப்படியே செம்மேட்டுச் சந்தையில் காய் விற்கும் பாப்பாத்தியிடம், “கீர்த்தனாவுக்கு இரட்டை நட்சத்திரமாம்” என்றேன். படிப்பு என்ற ஒரு சொல் விட்டுப்போயிற்று. வளப்பூர் போய்ச் சேர்வதற்குள் அது ஜாதகமாகிவிட்டது.

கீர்த்தனா வெளியே வந்தாள்.

“அத்தை, அது என் ஜாதகம் இல்லீங்க. வானத்துல இருக்கறது. பெரிய வாயு மேகம், குளுந்து கெடக்கும். தன் பாரம் தாங்காம உள்ளார சரிஞ்சு சுருங்கும். சுருங்கச் சுருங்க வேகமாச் சுத்தும். அதுல சில மேகம் ரெண்டு கட்டியாத் திரண்டு ரெண்டு நட்சத்திரமாயிருதுங்க. ஒண்ண ஒண்ணு சுத்திக்கிட்டே இருக்கும்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். படித்த பிள்ளைகளுக்குப் பாதியில் நிறுத்த வராது.

“சிலதுல மூணும் பொறக்கும். அப்ப ரெண்டு நெருங்கிக்கிட்டு, மூணாவத வெளிய எறிஞ்சாலும் எறிஞ்சுருமுங்க.”

“கேட்டீங்களா! அவ வாயாலயே வருது! இவ ஒருத்தி, புருசன் ரெண்டு. வெளிய எறியற ஆளு எம்பையன்!”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கீர்த்தனா சிரிக்கவில்லை. இரண்டு வருஷமாக விரும்பி, வீட்டாரைச் சம்மதிக்க வைத்த மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

“நீங்க சொல்லுங்க. போன்ல எத்தனை வாட்டி இதப் பேசியிருக்கோம்.”

“அம்மாவுக்கு மனசுல பட்டுருச்சு. நான் என்னத்தச் சொல்றது?”

“இது படிப்புன்னு உங்களுக்குத் தெரியும்னாவது சொல்லுங்க.”

அவர் பைக்கை ஸ்டார்ட் செய்தார். பெருமாயி ஏறிக்கொண்டாள். கீர்த்தனா புகை அடங்கும்வரை அங்கேயே நின்றாள்.

வேலியைத் தாண்டி நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. எனக்கு வாய் வராமல் போன நாள் அது ஒன்றுதான்.

வைகாசியில் வேல்முருகனுக்கும் வாழவந்தி நாட்டுத் தேன்மொழிக்கும் கல்யாணம் நடந்தது. போய்ச் சாப்பிட்டேன், பாயசம் தண்ணி. கீர்த்தனா படிப்பை முடித்துப் புனேவுக்கு வேலைக்குப் போனாள். இன்னும் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. குப்பாயியும் மறு சித்திரையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகளோடு போய்விட்டாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. பஸ் கண்டக்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.