தீத்திய கை

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மேசையில் இருந்தவர்கள்: யோகராஜா, அவன் மனைவி தனுஷியா, தனுஷியாவின் அக்கா ஜெயகௌரி, ஏழு வயது மகள் மிதுஷா. மிதுஷாவுக்கு முன்னால் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்த ஐபாட். அதையும் ஆள் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். மேசையில் அதிகம் பேசிக்கொண்டிருந்தது அதுதான்.

யோகராஜா அந்த மேசையில் பகலில் இருப்பது புதிது. ரொட்டி சுடும் பாண் பக்டரியில் இரவு வேலை செய்த காலம் முழுக்க, வீடு சாப்பிடும் நேரம் அவனுக்குத் தூங்கும் நேரம். போன மாதம் சூப்பர்வைசரோடு வாய்த்தர்க்கம் வந்து, ஏப்ரனைக் கழற்றி மா மூட்டை மேல் எறிந்துவிட்டு வந்துவிட்டான். அவர்கள் நிறுத்தவில்லை, நான்தான் விட்டேன் என்று எல்லோருக்கும் சொன்னான். ஒருவரும் நம்பவில்லை. சொல்லிச் சொல்லி அவனுக்கே சலித்துவிட்டது.

வீட்டில் கிடந்தபடியால் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த போனையும் அவன்தான் எடுக்க வேண்டியிருந்தது. விளையாட்டு நேரத்தில் மிதுஷா தலை சுற்றி நிலத்தில் உட்கார்ந்துவிட்டாளாம். மத்தியானச் சாப்பாட்டை அவள் தொடுவதே இல்லையாம். கையை மடியில் வைத்துக்கொண்டு மணி அடிக்கும்வரை தட்டைப் பார்த்தபடி இருக்கிறாளாம். வீட்டிலும் இப்படித்தானா என்று டீச்சர் கேட்டாள். இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறாள் என்றான் யோகராஜா. அவனுக்கு அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்கள்.

இப்போது அந்த நல்ல சாப்பாட்டைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜெயகௌரி சோற்றைக் குழைத்து, சின்ன உருண்டையாகப் பிடித்து, பிள்ளையின் உதட்டுக்குக் கிட்டக் கொண்டுபோவாள். பிள்ளை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் வாயைத் திறப்பாள். உருண்டை உள்ளே போகும். வாய் மூடும். அடுத்த உருண்டை. பிள்ளை பிறந்து பால் மறந்த நாளிலிருந்து இதுதான் நடந்து வருகிறது. ஜெயகௌரி பக்கத்து ரெய்னர்ஸ் லேனிலிருந்து பஸ் எடுத்து வந்து, இப்படி ஊட்டித் தீத்திவிட்டுப் போவாள். பிள்ளையின் கை சோற்றில் பட்டதே இல்லை.

"மிது, இப்ப வாயில என்ன கிடக்கு?" என்று கேட்டான்.

"சோறு."

"சோத்தோட?"

பிள்ளை மென்றாள். யோசித்தாள். "சிக்கன்?"

அன்றைக்கு வீட்டில் கோழியே சமைக்கவில்லை. மீன், கீரை, பருப்பு, கரட். எல்லாம் சேர்ந்து ஒரே நிறத்தில், சுவருக்குப் பூசலாம் போல இருந்தது.

"சிக்கனாம்!" தனுஷியா சிரித்தாள். யோகராஜா சிரிக்கவில்லை.

"பேர் தெரிஞ்சாலென்ன, தெரியாட்டிலென்ன தம்பி?" என்றாள் ஜெயகௌரி. "உள்ள போகுதெல்லோ. கீரையை வேறயாக் காட்டினால் வாயைத் திறப்பாளோ? இந்த ஹரோவில இவளளவு மரக்கறி தின்னுற பிள்ளை ஒண்டைக் காட்டுங்கோ பாப்பம்."

"அவள் தின்னேல்லை அக்கா. நீங்கள் நிரப்புறியள். காருக்குப் பெற்றோல் அடிக்கிற மாதிரி."

"அடிக்காட்டில் கார் ஓடாது."

"பள்ளிக்கூடத்தில நிண்டு போச்சுத்தானே!"

கையை நீட்டி ஐபாட்டை அணைத்தான். கடை ஷட்டர் விழுந்ததுபோல மிதுஷாவின் வாய் மூடிக்கொண்டது. ஜெயகௌரியின் உருண்டை அந்தரத்தில் நின்றது.

"இனி ஒருத்தரும் இவளுக்குத் தீத்தக் கூடாது. தன்ர கையால சாப்பிடட்டும்."

"மூண்டு கிழமை வீட்டில இருந்த உடன டொக்டர் ஆயிட்டார்," என்றாள் தனுஷியா. சொல்லிக்கொண்டே அவனுடைய மீன் துண்டைப் பிய்த்து, முள் எடுத்து, சதையை அவன் சோற்றின் ஓரத்தில் வைத்தாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் கை தானாகச் செய்யும் வேலை அது.

மிதுஷா அதைப் பார்த்தாள். "அம்மா உங்களுக்கு மட்டும் முள்ளு எடுக்கலாமோ அப்பா? தட்ஸ் நொட் ஃபெயர்."

ஜெயகௌரி மேசை குலுங்கச் சிரித்தாள். "கேளுங்கோ தம்பி, கேளுங்கோ. பெற்றோல் நிலையம் ரெண்டு இருக்கு."

யோகராஜாவுக்குக் காது சுட்டது. "விடும், நான் எடுக்கிறன்," என்று தட்டைத் தன் பக்கம் இழுத்தான். முள் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. மூன்றாவது வாயில் ஒன்று தொண்டையில் குத்தியது. இருமினான். கண்ணில் தண்ணீர் வந்தது. ஒருவரும் எழும்பவில்லை. வெறுஞ்சோற்றை உருட்டி விழுங்கி, ஒன்றும் நடக்காததுபோல நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"சாப்பிடு மிது."

பிள்ளை உள்ளங்கையைச் சோற்றின் மேல் வைத்தாள், பூனையைத் தடவுவதுபோல. விரலை மடக்கத் தெரியவில்லை. தூக்கியது பாதி வழியில் சட்டையில் கொட்டியது. கரண்டி கொடுத்தான். அதைப் பிடித்தபடி சும்மா இருந்தாள். "ஐ கான்ட்," என்றாள். பிறகு அழுதாள். பிறகு அழுகையையும் விட்டுவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு தட்டைப் பார்த்தாள். டீச்சர் போனில் சொன்ன அதே இருப்பு. சோறு காயத் தொடங்கியது.

அவளை அப்படிப் பார்த்துக்கொண்டிருக்க அவனால் முடியவில்லை. கக்கூசுக்குப் போவதாகச் சொல்லி மேலே போய், குளியல் தொட்டி விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். இறங்கி வந்தபோது ஐபாட் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஜெயகௌரியின் கை பிள்ளையின் வாயடியில். தனுஷியா வாசல் பக்கம் பார்த்தபடி காவல்.

"கள்ளர் மாதிரி!" என்று கத்தினான்.

"ஓம், கள்ளர்தான்," ஜெயகௌரியும் விடவில்லை. "நீங்கள் படுத்துக் கிடந்த பகலெல்லாம் இந்தக் கைதான் வளத்தது. அப்ப ஆரும் வந்து கேட்கேல்லை."

"அவளுக்குப் பசியெண்டால் என்னெண்டு தெரியாது அக்கா. பசிக்க விட்டால்தானே கை தானா வரும்!"

"பசி!" அவள் குரல் உடைந்து மேலே போனது. "பசியைக் காணாத ஆக்களோ நாங்கள்? சண்டை நேரம் பங்கருக்குள்ள கஞ்சித் தண்ணிக்கு அடிபட்டனாங்கள். அதை இந்தப் பிள்ளைக்கும் காட்டிப்போட்டுத்தான் விடுவியளோ?"

அது அவனுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு உங்கட கையைக் கழட்டிக் குடுத்து விடுவியளோ?"

ஜெயகௌரி அவனைப் பார்த்தாள். தங்கையைப் பார்த்தாள். தங்கை மேசையைப் பார்த்தாள்.

ஜெயகௌரி எழும்பி சிங்குக்குப் போனாள். சவர்க்காரம் போட்டு, நகக்கண் வரைக்கும் தேய்த்து, நிதானமாகக் கழுவினாள். கையில் மிஞ்சியிருந்த பாதி உருண்டை சிங்கில் கரைந்து போனது.

"இந்தா. கழுவியாச்சு," என்றாள். கோட்டை எடுத்தாள்.

"அக்கா, இருங்கோ அக்கா," தனுஷியா பின்னால் ஓடினாள். பிறகு புருஷனிடம் திரும்பினாள். "திங்கக்கிழமை பள்ளியால ஆர் கூட்டிக்கொண்டு வாறது? நான் ஷிப்டில நிற்பன்."

"நான்தான்."

"வேலை தேடப் போறனெண்டு சொன்னீங்கள்?"

"நான்தான் எண்டு சொல்லுறன்!"

நடையில் ஜெயகௌரி சப்பாத்துக்குள் காலை நுழைத்தாள். லேஸ் நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். யோகராஜா ஒரு சொல் சொன்னால் நின்றிருப்பாள். அது அவனுக்கும் தெரியும். சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கும் உருண்டை, நாளை மறுநாளும் உருண்டை, பள்ளிக்கூடத்தில் மடியில் கை.

மிதுஷா வந்தாள். விரலில் இரண்டு பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது. அதை அவள் நக்கிக்கூடப் பார்க்கவில்லை. பெரியம்மாவுக்கு முன்னால் நின்று, முகத்தை அண்ணாந்து, வாயைத் திறந்தாள். போய்வாருங்கோ என்று சொல்ல அவளுக்குத் தெரிந்த வழி அதுதானோ, பசிதானோ, தெரியவில்லை.

ஜெயகௌரியின் கை தானாக எழும்பியது. ஐந்து விரலும் குவிந்திருந்தன. உள்ளே ஒன்றுமில்லை. சவர்க்கார வாசம் மட்டும்.

"கையில ஒண்டுமில்லையடி," என்று சொல்லி, கோட்டுக் கையை இழுத்து விரல்களை மூடிக்கொண்டு படி இறங்கினாள்.

பிள்ளை வாயை மூடவில்லை. யோகராஜா அவளைத் தாண்டிக் கையை நீட்டி, கதவைச் சாத்திப் பூட்டில் கிடந்த திறப்பைத் திருப்பினான்.