ஒரு முழம் தள்ளி

பஸ் நிறுத்தத்தில் நடைபாதையை ரோட்டுப் பக்கம் நீட்டி மேடையாகக் கட்டியபோது, தையல்கார அக்காவுக்கு வாயெல்லாம் பல். அதுவரை பேக்கரி முன்னால் வரிசை கட்டி நிற்கும் கார்களைச் சுற்றிக்கொண்டு நடுரோட்டுக்குப் போய்த்தான் பஸ் ஏறுவாள். இனி மேடையும் பஸ்ஸும் ஒரே உயரம். வீட்டுக்குள் நுழைவதுபோல் நுழைந்துவிடலாம். முட்டி தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறவளுக்கு வேறென்ன வேண்டும்? படியேற முடியாமல் போனால் வேலைக்கும் முழுக்குத்தான்.

ஆனால் வந்த பஸ்களெல்லாம் மேடையை விட்டு ஒரு முழம் தள்ளியே நின்றன. சனங்கள் ரோட்டில் இறங்கி, மறுபடி ஏறுவதற்குள் பின்னால் கார்கள் ஹாரனடித்து ஊரைக் கூட்டின. கடை முன்னால் கார் நிறுத்த இடம் போன வயிற்றெரிச்சலில் இருந்த பேக்கரிக்காரர் சும்மா இருப்பாரா? மேடையால்தான் நெரிசல், இடித்துத் தள்ளுங்கள் என்று மனு மேல் மனு போட்டார். மறுநாள் காலை இன்ஜினியர் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. நெரிசலைப் பார்த்தால் மேடை போச்சு.

இதில் கொடுமை என்னவென்றால், அப்படித் தள்ளி நிறுத்துகிறவர்களில் ஒருவன் அவள் கூடப்பிறந்த தம்பி. இன்ஜினியர் வருவதற்கு முந்தின ராத்திரி, அவனுக்குச் சோறு போட்டபடி பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டா, ஒட்டி நிறுத்தினா உன் சொத்தா குறையுது?"

"டயர் உரசிடும்க்கா. உரசினா டிப்போல தோல உரிச்சிடுவாங்க. ஓரத்த விட்டுத் தள்ளியே நில்லுன்னுதான் வேலைக்குச் சேந்தப்பவே சொல்லிக் குடுத்தாங்க."

"அது பழைய ரோட்டுக்குடா! மேடையே உன்னத் தேடி வந்து நிக்குது, நீ புதுப் பொண்ணு மாதிரி ஒதுங்கி ஒதுங்கிப் போறியே!"

தம்பி சாப்பாட்டிலேயே கண்ணாக இருந்தான்.

காலையில் இன்ஜினியர் வந்து மேடையருகில் நின்றார். பக்கத்தில் பேக்கரிக்காரர். தம்பியின் பஸ் வந்தது. பாவி, அன்றைக்கும் ஒரு முழம் தள்ளியே நிறுத்தினான். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரிசையில் முதல் ஆளாக நின்றவள் அசையவே இல்லை.

"ஏறுக்கா! பின்னாடி கார் நிக்குது!"

"நிக்கட்டும்! மேடை மேல நிக்கிறவ எதுக்குடா ரோட்டுல இறங்கணும்? ரோடெல்லாம் காரு வச்சிருக்கிறவன் அப்பன் வீட்டுதுன்னா, இந்த ஒரு முழம் எங்கப்பன் வீட்டுது!"

"அதானே!" என்றது ஒரு குரல். அவளைத் தாண்டி ஒருவரும் இறங்கவில்லை. பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது.

பேக்கரிக்காரர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்கல்ல சார்?"

தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை ஒடித்தான். கர்ரென்று டயர் உரச, பஸ் மேடையை ஒட்டியே நகர்ந்து அதன் மறுமுனையில் நின்றது. அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய் உள்ளே கால் வைத்தாள். வரிசை மொத்தமும் மளமளவென்று ஏறிவிட்டது. ஹாரன் அடங்கியது.

"கோளாறு மேடைல இல்ல போலிருக்கே," என்று இன்ஜினியர் சொன்னது, கதவு மூடும்போது அக்காவின் காதில் விழுந்தது.

"போச்சு, டயர் உரசிடுச்சு," என்று தம்பி புலம்பினான். "டிப்போல கேப்பாங்களே!"

"கேக்கட்டும்டா." அக்கா உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். "ரப்பர் உரசினா கேக்க ஆளிருக்கு. இத்தன வருஷமா என் எலும்பு உரசுதே, அதக் கேக்க எவன் இருந்தான்?"

தம்பி கியரை மாற்றினான். அடுத்த நிறுத்தத்திலும் டயர் உரசியது.