மண்மேட்டுக்கு இந்தப் பக்கம்

1

இந்தக் கதை என் கோழிக்கூண்டுப் பலகையிலிருந்து கிடைத்தது. பொய்யில்லை, கத்தியால் நெம்பித்தான் எடுத்தேன். சுண்டுவிரல் நகமளவு ஈயக்குண்டு. பின்வீட்டுக்காரர் ஓரின் தன் கொல்லையில் தாளைக் குறி பார்த்துச் சுட்டது. குண்டு என் கொல்லைக்கு வந்துவிடக் கூடாதென்று அவரே எழுப்பிய மண்மேட்டைத் தாண்டி வந்திருக்கிறது. அந்தக் கூண்டுக்குப் பக்கத்தில்தான் நான் தினமும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'வடக்கு டகோட்டாவின் கோதுமை வயல்கள்மேல் பொன் அந்தி கவிந்து...'

வேண்டாம். இங்கே அந்தியைப் பார்த்துக்கொண்டு யாரும் நிற்பதில்லை, கொசு பிடுங்கிவிடும்.

ஓரினின் மனைவி லவோனிடமிருந்து தொடங்குகிறேன். ஈயத்தை அவரிடம்தான் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது.

"அவருக்குக் கண்ணு மங்கிட்டே வருது. வண்டி ஓட்டறத நிறுத்தியாச்சு. துப்பாக்கியையும் பிடுங்கிட்டா மனுஷன் நாற்காலியோட ஒட்டிக்குவாரு. மேட்டை நான் ஒசத்திடறேன். அவர்கிட்ட மட்டும் வாயைத் திறந்துடாதீங்க."

"நான் செத்துப்போயிட்டா கதைய யாரு முடிக்கறது?"

"மேடு ஒசர்ற வரைக்கும் வீட்டுக்கு முன்னாடி உக்காந்து எழுதுங்களேன். அங்க உக்காந்தா கதை வராதா?"

3

லவோன் லோடு லோடாக மண் இறக்கினார். சல்லடையில் சலித்துக் கல்லைப் பொறுக்கி எறிந்தார். கல்லில் பட்டால் குண்டு எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாது.

(மேட்டை உயர்த்த எனக்கு ஒரு வாக்கியம் போதும். முதுகு வலிப்பதெல்லாம் அவருக்குத்தான்.)

ஒரு பிரதியில் மேட்டை மேகம் உரசும்வரை வளர்த்தேன். காட்டு வாத்துகள் அதில் இறங்கி இளைப்பாறின. சுட்ட குண்டெல்லாம் மண்ணுக்குள் போய்ச் சத்தமில்லாமல் தூங்கின. எழுதும்போது எனக்கே கண் சொருகியது. அடித்துவிட்டேன்.

ஓரின்மேல்தான் எனக்குச் சந்தேகம். மனைவி வாராவாரம் மேட்டை ஏற்றுகிறார், ஏனென்று இவர் கேட்கவே இல்லை. [இங்கே அவர் மனதில் ஓடுவதை எழுத வேண்டும். தெரியவில்லை.]

4

ஒரு முடிவு: அவராகவே துப்பாக்கியைக் கீழே வைத்துவிடுகிறார். இது எனக்குச் சௌகரியமான முடிவு, அவ்வளவுதான்.

இன்னொன்று: நான் சொல்லிவிடுகிறேன், அவர் என்னோடு பேசுவதை...

இன்று நடந்ததையே சொல்கிறேன். ஓரின் கூப்பிட்டார். ஐந்து முறை சுட்டார். மிச்சக் குண்டுகளை வெளியே எடுத்து, துப்பாக்கியைத் திறந்த நிலையிலேயே மேசையில் கிடத்தி, காதுக்கவசத்தைக் கழற்றினார்.

"யோவ் கதைக்காரரே, எங்கெங்க பட்டிருக்குன்னு போய்ப் பாரும். மழுப்பாம சொல்லணும்!"

மேட்டருகே வந்து பார்க்கிறேன். தாளில் ஓட்டையே இல்லை. மேட்டின் உச்சியில், வானத்துக்கு ஒரு சாண் கீழே, புதுமண் சிதறியிருக்கிறது. சமையலறைச் சன்னலில் லவோன் நிற்கிறார். எனக்கு ஓரினை ரொம்பப் பிடிக்கும்.

"என்னய்யா, எண்ணி முடியலியா?"

"ஓரின், நீங்க..."

மேட்டருகே ஆள் நிற்கும்வரை அவர் துப்பாக்கியைத் தொடமாட்டார். அவ்வளவு கவனமானவர். ஆகவே நான் இங்கேயே நிற்கிறேன், கதையை முடிக்கப்போவதில்லை. வாசிக்கிற உங்களுக்கு அவரிடம் உண்மையைச் சொல்லத் துணிவிருந்தால் வந்து என்னை விடுவியுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள், அவர் காது நன்றாகவே கேட்கும்.