வேரில்லாத மஞ்சள் பூ

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை அக்காவின் அலமாரியிலிருந்து சுட்டது. உலர்ந்த செடிகளைத் தாளில் நூலால் தைத்துச் சேமிக்கும் காப்பகத்தில் அவள் வேலை பார்க்கிறாள். குறையுள்ள தாள்களை நாளை கழிக்கப்போகிறார்கள். அவற்றில் ஒன்றில், அக்காவோடு அங்கேயே வேலை பார்த்த அத்தான் இருபத்திரண்டு வருடம் முன்பு பீடபூமியில் பறித்த காட்டுப்பூ. இன்னும் மஞ்சள் போகவில்லை. ஆனால் சின்னச் செடியென்றால் வேரோடு இருக்க வேண்டும். இதில் வேர் இல்லை. கூடவே வைத்த விவரச் சீட்டில் பழைய மேலாளர் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்: 'சேகரித்தவரின் கவனக்குறைவு.'

2

முதல் தொடக்கம்: மலைமேல் மஞ்சள் வெயில் பூத்துக் கிடந்த அந்தக் காலையில்—

(அக்கா படித்தாள். "வெயிலா? அன்னிக்குப் பேய் மழைடி. கதை விடாத.")

இரண்டாவது: மறதிக்காரரான அத்தான், வேரை—

இதற்கு அவள் சிரிக்கவில்லை.

"யாரு மறந்தா? தோண்டக் கத்தியோட உக்காந்துட்டாரு. நான்தான் கையைப் புடிச்சேன். வேரை விட்டா அதே செடி வருஷா வருஷம் பூக்கும், அடுத்த வருஷம் வந்து பாக்கலாம்னேன். ஆபீஸ்ல திட்டினப்ப, மறந்துட்டேன்னு சொல்லிட்டாரு. நான் பக்கத்து மேசைல வாயே தொறக்கல."

3

அடுத்த வருடம் லீவு கிடைக்கவில்லை. அதற்கடுத்துப் பிள்ளை. பிறகு அத்தானின் முழங்கால். பிறகு அத்தானே இல்லை.

(அவர் இறந்ததை இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். ஊர் திரும்பியதும் ஈரச் சாக்ஸைக்கூடக் கழற்றாமல், பறித்த பூக்கள் உலர, அவற்றுக்கு இடையே வைத்த செய்தித்தாளை மாற்ற உட்காருவார்.)

4

இன்று மாலை அக்கா அந்தச் சீட்டோடு வந்தாள். திருத்தலாம், திருத்துகிறவர் கையெழுத்துப் போட வேண்டும். ஓய்வுபெற ஒரு மாதம் இருக்கையில் பழி இவள் தலையில் விழும்.

"நீதான் எழுதுறவளாச்சே. ஒரு வரி சொல்லு."

ஐந்து சொன்னேன். ஐந்திலும் 'காதல்' இருந்தது. "ஐயே" என்று முகத்தைச் சுளித்துவிட்டு, தானே எழுதினாள்:

வேர்: அங்கேயே இருக்கிறது. நான்தான் எடுக்க விடவில்லை.

கையெழுத்தும் போட்டாள். வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்டாள்: "பூக்குற மாசம்தான் இது. இன்னும் இருக்குமாடி?"

5

முடிவு ஒன்று: அக்கா பஸ் ஏறி, மலையில்—

(வேண்டாம். அவளுக்கும் இப்போது முழங்கால் வலி.)

நாளை காலை பத்து மணிக்கு அதிகாரி அந்தத் தாளை எடுப்பார். அதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை. இப்போது அந்தத் தாள் உங்கள் கையில் இருக்கிறது. இடப்பக்கம் அலமாரி, வலப்பக்கம் குப்பைப்பெட்டி. அக்கா பக்கத்து மேசையில் உட்கார்ந்து உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.