ஒரு கட்டை மேலே

அப்பாவின் உதட்டில் பூசியிருந்த நிறத்தைச் சுஜீவா ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்த அறையில் இருந்தவர்கள்: நாற்காலியில் செபமாலையோடு அம்மா பிளோறன்ஸ். கதவோரம் கார்ச் சாவியைச் சுழற்றியபடி அண்ணன் அன்ரன். அடக்க நிறுவனத்தில் வேலை செய்யும் லிசா, அந்தப் பூச்சைப் பூசியவள், கைகளைக் கட்டிக்கொண்டு. பெட்டிக்குள், கறுப்புக் கோட்டோடு, ஞானப்பிரகாசம்.

"விடு பிள்ளை. வடிவாத்தானே இருக்கு," என்றார் பிளோறன்ஸ்.

"இது அப்பான்ர வாய் இல்லை."

மேலுதட்டின் நடுவில் தழும்பு மெல்ல வெளியே வந்தது. வெள்ளையாக, சற்று உள்மடிந்து. தான் ஏதும் பிழை விட்டுவிட்டேனா என்று லிசா ஜேர்மனில் கேட்டாள். இல்லை, நன்றாகச் செய்திருக்கிறீர்கள், அதுதான் பிரச்சினை என்று சுஜீவா சொன்னாள். லிசாவுக்கு விளங்கவில்லை. அன்ரனுக்கு விளங்கியது. அவன் கண்டுகொள்ளாதவன்போல் ஜன்னல் பக்கம் திரும்பினான்.

அந்தத் தழும்புக்கு முன்னால் ஒரு ஆள் இருந்தார். சுஜீவா பார்த்திராத ஆள். யாழ்ப்பாணத்தில் கோயில் பாண்டில் ஊதிப் பழகி, மீசை முளைக்கும் வயதில் கொழும்புக்குப் போய், கடற்கரை ஹோட்டல் ஒன்றின் நடன மண்டபத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்டு முதல் ட்றம்பெற் ஊதியவர். அமெரிக்காவில் ஸ்விங் என்ற நடன இசை பழசாகிப்போன பிறகும் கொழும்பில் சோடி சோடியாய் அதற்குத்தான் ஆடினார்கள். கப்பலில் வந்த இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டுக் காதாலேயே எல்லாவற்றையும் படித்தார். அவர் தனியே ஊத எழும்பினால் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு நிற்பார்களாம். முப்பது வயதுக்கு முன்பே உதட்டுத் தசை கிழிந்தது. தைத்தார்கள். தோல் ஒட்டியது, தசை ஒட்டவில்லை. ட்றம்பெற்றை மண்டபத்திலேயே விட்டுவிட்டு ரயில் ஏறினார்.

பிறகு யாழ்ப்பாணத்தில் செத்தவீட்டு பாண்டில் பெரிய மேளம் தூக்கினார். பிறகு சண்டை, அகதி விசா, ஜேர்மனியில் பான் நகரப் பல்கலைக்கழகச் சாப்பாட்டுக் கூடத்தில் பாத்திரம் கழுவுதல். வானொலியில் ஸ்விங் வந்தால் கேட்பார். ட்றம்பெற் தனியே எழும்பும் இடத்துக்குச் சற்று முன்னதாக எழுந்துபோய்ச் சத்தத்தைக் குறைப்பார். அந்த இடம் அவருக்கு ஒருநாளும் பிழைத்ததில்லை. உதடு ஏன் கிழிந்தது என்று கேட்டால், "என்ர பிழை," என்பார். அதற்குமேல் ஒரு சொல் வராது.

பின்னேரம் சனம் நிறைந்தது. ராசனும் வந்தார். ஊன்ட்றொப் என்ற ஊரில் மகனோடு இருப்பவர். அந்தக் காலத்துக் கொழும்பு பாண்டின் தலைவர், சாக்ஸபோன்காரர். ஜேர்மனியில் தமிழ்க் கத்தோலிக்கர் எங்கே மேடை போட்டாலும் அவருக்கு ஒரு பொன்னாடை உண்டு. எண்பத்தெட்டு வயதிலும் நிமிர்ந்த நடை. வந்து பிளோறன்ஸின் கைகளைப் பிடித்தார். பெட்டியைப் பார்த்தார். செபமாலை முடிந்ததும் யாரும் கேட்காமலே பேசத் தொடங்கினார்.

"இவனைப்போல ஒருத்தன் இல்லை. ஏலாது எண்ட சொல்லு இவன்ர வாயில வராது. பம்பாயில இருந்து ஒரு பாண்ட்காரன் இவனைக் கேட்டுக்கொண்டு வந்தவன். இவன் போனா என்ர மண்டபத்துக்கு ஆர் வருவினம்? நான் என்ன செய்தனான் தெரியுமே?"

எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நிறுத்தினார்.

"கிழமைக்குக் கிழமை பாட்டை ஒரு கட்டை ஏத்தி எழுதி வைச்சன். உயர உயர உதட்டை இன்னும் இறுக்கி ஊதவேணும். முதல் ட்றம்பெற்காரன் இறக்கச் சொல்லிக் கேக்கமாட்டான். கேட்டா, அடுத்த நாள் அவனுக்கு ரெண்டாவது கதிரை. அதுதான் வழக்கம். ரெண்டாவது ஆளைப் பம்பாய்க்காரன் எடுக்கமாட்டான். இவன் கேப்பான், கேப்பான் எண்டு நானும் பாத்தன். இவன் ஊதுறான். வெள்ளைக் கோட்டில ரத்தம் வழியுது, ஊதுறான். அப்பிடி ஒரு விசரன்."

சனம் சிரித்தது. பாசமான சிரிப்பு. அன்ரனும் சிரித்துவிட்டுத் தங்கையைப் பார்த்து நிறுத்தினான்.

சுஜீவா அம்மாவின் பக்கம் குனிந்தாள். "உங்களுக்குத் தெரியுமே?"

"தெரியாது." பிளோறன்ஸின் விரல் செபமாலையில் ஒரு மணியிலேயே நின்றது. "தன்ர பிழை எண்டுதான் எனக்கும் சொன்னவர்."

எந்தச் செத்தவீட்டிலும் ராசன் ஒரு மாதா பாட்டுப் பாடுவார். தமிழ்ப் பூசைகளில் கீபோர்ட் வாசிப்பவள் சுஜீவா. அன்றைக்கும் அவள்தான் வாசிக்க வேண்டும் என்று பிளோறன்ஸ் கேட்டிருந்தார். கீபோர்ட்டுக்கு முன்னால் போய் இருந்தாள். முதல் சரணத்தை வழமையான சுருதியில் வாசித்தாள். ராசனின் குரல் இன்னும் நல்ல குரல். பெண்கள் கூடவே பாடினார்கள்.

கீபோர்ட்டில் சுருதியை ஏற்றி இறக்க ஒரு பொத்தான் உண்டு. விரல்கள் பழைய கட்டைகளிலேயே ஓடும், சத்தம் மட்டும் மேலே போகும். இரண்டாம் சரணத்துக்கு முன்னால் அதை அழுத்தினாள். ஒருவரும் கவனிக்கவில்லை. மூன்றாம் சரணத்துக்கு மறுபடி அழுத்தினாள். பின்வரிசைப் பெண்கள் ஒவ்வொருவராகப் பாடுவதை விட்டார்கள். நாலாம் சரணத்தில் ராசன் மட்டும் பாடினார். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் முட்டியது. சனம் அதை அழுகை என்று நினைத்தது. சுஜீவா அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு வாசித்தாள். இன்னொருமுறை அழுத்தினாள். இந்தாள் இந்தச் சனத்துக்கு முன்னால் குரல் உடைந்து நிற்க வேண்டும். அது அவளுக்குத் தண்ணீர் விடாய்போல் இருந்தது.

ராசன் கையை உயர்த்தினார்.

"பொறு பிள்ளை. கொஞ்சம் இறக்கு. கிழவனுக்கு ஏலாது."

யாரோ மெல்லச் சிரித்தார்கள். யாரோ தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்கள். "இந்த வயசில இவ்வளவு பாடுறதே பெரிய காரியம் அண்ணை," என்றது ஒரு குரல். ராசன் இரண்டு மிடறு குடித்துவிட்டுக் காத்து நின்றார். அவருடைய முகத்தில் வெட்கம் என்று ஒன்றும் இல்லை.

சுஜீவா பொத்தானை அழுத்தி அழுத்திக் கீழே கொண்டுவந்தாள். ஏலாது. ஒரு சொல். அதைச் சொல்ல அந்தாளுக்கு ஒரு மூச்சுக்கூடத் தேவைப்படவில்லை.

பாட்டு நல்லபடி முடிந்தது. கைதட்டாத குறை.

சனம் கலைந்தது. லிசா தன் வேலை நேரம் முடிந்துவிட்டதென்று வாசல் சாவியையும் அறைச் சாவியையும் சுஜீவாவிடம் கொடுத்தாள். போகும்போது பூட்டிவிட்டு வாசல் தபால் பெட்டிக்குள் போட்டால் போதும். அறையில் குளிரூட்டி ஓடுவதால் கதவைத் திறந்து வைக்க வேண்டாம். நாளை காலை பூசைக்குப் பெட்டியை எடுக்கத் தானே வருவேன் என்றாள். அன்ரன் அம்மாவைக் காருக்குக் கூட்டிக்கொண்டு போனான். சுஜீவா கீபோர்ட்டை உறையில் போட்டு நடையில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பினாள். ராசன் இன்னும் பெட்டியடியில் நின்றார்.

"நீ ஏத்தினது எனக்குத் தெரியும் பிள்ளை."

"ஓம்."

"கொப்பரைப்போலத்தான் நீயும். லேசில விடமாட்டாய்."

"அவர் விட்டவர் அங்கிள். எல்லாத்தையும் விட்டவர்."

ராசன் ஞானப்பிரகாசத்தின் கோட்டுக் கழுத்தைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது. "நாங்கள் அப்ப பொடியள். உதடு கிழியும் எண்டு ஆர் கண்டது? ஒருக்காக் கேட்டிருந்தா இறக்கியிருப்பன்."

"அந்தப் பம்பாய்க்காரன் பிறகு என்ன செய்தவர்?"

ராசன் கோட்டுக் கழுத்திலிருந்து கையை எடுத்தார்.

"என்னைக் கூட்டிக்கொண்டு போனவன்," என்றார். "வந்த ஆளை வெறுங்கையோட அனுப்ப ஏலாதுதானே. ரெண்டு வருசம் நல்ல வாழ்க்கை. கொப்பருக்கு அங்கயிருந்து ஒரு படங்கூட அனுப்பினனான்."

வெளியே அன்ரன் ஹோர்ன் அடித்தான்.

"நீ போ பிள்ளை. அம்மா பாவம், களைச்சுப்போனா. மகன் வரும்வரைக்கும் நான் இவனோட கொஞ்சம் தனிய இருக்கப்போறன். கதைக்கக் கிடக்கு." நாற்காலியைத் தேடி அறையைச் சுற்றிப் பார்த்தார். "கதவைச் சாத்திப்போட்டுப் போ."

"சாத்துறன் அங்கிள்."

நடைக்கு வந்தாள். கொக்கியில் அவருடைய குளிர்க்கோட்டு மட்டும் தொங்கியது. அதன் பைக்குள் கைத்தொலைபேசி ஒருமுறை அதிர்ந்து நின்றது. அதை அவள் தொடவில்லை.

கதவை இழுத்துச் சாத்தினாள். உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பெட்டிக்குக் கிட்டவாகப் போட்டுக்கொள்கிறார். சாவியைப் போட்டாள். அது இரண்டு சுற்றுப் பூட்டு. இரண்டு சுற்றும் திருப்பினாள்.